சிங்க் ஆகாத கோப்பும் காணாமல் போன படமும்

"போனில் இடமில்லை என்று கேலரியில் இருந்த படங்களை அழித்தேன். கூகுளில்தான் இருக்குமே என்று நினைத்தேன். அங்கேயும் இல்லை." இந்தப் புலம்பலைக் கேட்காத குடும்பம் இன்று குறைவு. புலம்புகிறவர் கவனமில்லாதவர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது நியாயமில்லை. அவர் செய்தது மிக இயல்பான ஒன்று. கோப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது, ஓரிடத்தில் அழித்தால் மற்றோரிடத்தில் இருக்கும் என்று நம்பினார். அந்த நம்பிக்கை எங்கே பொய்த்தது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சிங்க் என்பதன் வேலை, எல்லாக் கருவிகளிலும் ஒரே நிலையை வைத்திருப்பது. நீங்கள் ஒரு கோப்பைத் திருத்தினால் அந்தத் திருத்தம் எல்லா இடத்துக்கும் போகும். பெயரை மாற்றினால் அதுவும் போகும். அழிப்பதும் அதற்கு ஒரு மாற்றம்தான். அதையும் அதே விசுவாசத்தோடு எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். பேக்கப்பின் வேலை இதற்கு நேர் எதிரானது. இன்று நீங்கள் எதை அழித்தாலும், எதைக் கெடுத்தாலும், நேற்றைய நிலையைத் தனியாகப் பிடித்து வைத்திருப்பது அது. பல நிறுவனங்கள் இரண்டையும் "பேக்கப்" என்ற ஒரே பெயரில் தருகின்றன. குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கூகுள் ஃபோட்டோஸையே எடுத்துக்கொள்வோம். "இடத்தை விடுவி" என்ற பொத்தானை அழுத்தினால், ஏற்கெனவே மேலே ஏறிய படங்களின் போன் பிரதி மட்டும் நீங்கும். கணக்கில் படம் அப்படியே இருக்கும். அதே செயலியில் படத்தைத் தொட்டுக் குப்பைத்தொட்டியை அழுத்தினால் இரண்டு இடத்திலும் போகும். ஐபோனில் ஐகிளவுட் ஃபோட்டோஸ் இயங்கிக்கொண்டிருந்தால் ஓரிடத்தில் அழித்த படம் எல்லா ஆப்பிள் கருவிகளிலும் அழியும். ஆறுதல் ஒன்று உண்டு. கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படங்கள் 60 நாள், கூகுள் டிரைவில் கோப்புகள் 30 நாள், ஐகிளவுட்டில் படங்கள் 30 நாள் வரை குப்பைத்தொட்டியில் கிடக்கும். ஆகவே எதையாவது காணவில்லை என்றால் முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.

கோப்பு காணவில்லை, சிங்க் ஆகவில்லை, பழைய நிலையே காட்டுகிறது என எந்தத் தொல்லையாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: கோப்பு இப்போது உண்மையில் எங்கே இருக்கிறது? செயலியை நம்பாமல், பிரௌசரைத் திறந்து அந்தச் சேவையின் இணையப் பக்கத்தில் நேரடியாக உள்ளே போய்ப் பாருங்கள். அங்கே கோப்பு இருந்தால் உங்கள் லேப்டாப்பிலோ போனிலோதான் கோளாறு, பதற வேண்டியதில்லை. அங்கே இல்லாமல் லேப்டாப்பில் மட்டும் இருந்தால், அது இன்னும் மேலே ஏறவே இல்லை. உலகத்தில் இருக்கும் ஒரே பிரதி அதுதான். உடனே வேறோர் இடத்தில் நகலெடுத்துவிட்டுப் பிறகு மற்றதைப் பாருங்கள்.

நகலெடுக்கும் முன்னால் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதும், கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழைவதும்தான் நம்மில் பலர் செய்வது. ஏறாமல் தங்கிய கோப்புகள் சில நேரம் செயலியின் உள் சேமிப்பில் மட்டும் இருக்கும். அதோடு சேர்ந்து அவையும் போய்விடக்கூடும். 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் கணினிச் செயலியைப் பயன்படுத்திய சிலருக்கு மாதக்கணக்கான கோப்புகள் காணாமல் போயின. அப்போது கூகுள் பயனர்களுக்குச் சொன்ன முதல் அறிவுரை, கணக்கைத் துண்டிக்காதீர்கள், செயலியின் தரவுக் கோப்புறையை அழிக்காதீர்கள், நகர்த்தாதீர்கள் என்பதுதான். டிசம்பரில் வந்த மீட்புக் கருவி அந்தக் கோப்புறையில் எஞ்சியிருந்ததை வைத்துத்தான் வேலை செய்தது. பொறுமையாக இருந்தவர்களுக்கு மீளும் வழி இருந்தது.

விண்டோஸில் ஒன்டிரைவ் பயன்படுத்துகிறவர்கள் கோப்பின் அருகில் உள்ள சின்னங்களைப் படிக்கப் பழகுவது நல்லது. நீல மேகம் இருந்தால் கோப்பு உங்கள் கணினியில் இல்லை. பெயர் மட்டும்தான் இருக்கிறது. இணையம் இல்லாத இடத்தில் அது திறக்காது. வெள்ளைப் பின்னணியில் பச்சை டிக் இருந்தால் கணினியில் இருக்கிறது, ஆனால் இடம் தேவைப்பட்டால் விலக்கப்படலாம். முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் என்றால் எப்போதும் இருக்கும். ஊருக்குக் கிளம்பும் முன், நேர்காணலுக்குப் போகும் முன், தேவையான கோப்புறையின் மேல் வலது கிளிக் செய்து இந்தக் கருவியில் எப்போதும் வைத்திரு என்ற தேர்வைக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று: ஒன்டிரைவை நிறுத்தியதும் டெஸ்க்டாப் காலியாகிவிட்டது என்று அலறுகிறவர்கள் பலர். விண்டோஸ் அவர்களுடைய டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்டிரைவ் கோப்புறைக்குள் கொண்டுபோய் வைத்திருக்கும். பெரும்பாலும் கோப்புகள் அழியவில்லை. அந்தக் கோப்புறைக்குள்ளேயே இருக்கின்றன.

கூகுள் டாக்ஸில் எழுதியவற்றை டிரைவ் கோப்புறையிலிருந்து பென்டிரைவில் நகலெடுத்துப் பத்திரப்படுத்தியதாக நினைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. கணினியில் தெரியும் அந்தச் சிறிய கோப்பில் நீங்கள் எழுதியது எதுவும் இல்லை. இணையத்தில் அது இருக்கும் முகவரி மட்டுமே இருக்கிறது. உண்மையான நகல் வேண்டுமென்றால் டாக்ஸுக்குள் போய் வேர்டு கோப்பாகவோ பிடிஎஃபாகவோ இறக்க வேண்டும்.

கோப்பு ஏறவே மறுக்கிறது என்றால் காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. இடம் தீர்ந்திருக்கும். கூகுளின் இலவச 15 ஜிபி, டிரைவுக்கு மட்டுமானதல்ல. ஜிமெயிலும் ஃபோட்டோஸும் அதையே பகிர்கின்றன. 2024 முதல் ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதிலேயே சேர்ந்துவிட்டது. நிரம்பினால் மெயில்கூட வராது. குப்பைத்தொட்டியில் கிடப்பதும் கணக்கில் சேரும் என்பதால், மீட்க வேண்டியது எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டபின் அதைக் காலி செய்யுங்கள். ஒன்டிரைவும் ஐகிளவுட்டும் இலவசமாகத் தருவது 5 ஜிபி, டிராப்பாக்ஸ் 2 ஜிபி. அடுத்தது நெட். போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்தால் விண்டோஸ் அதை அளவிட்ட இணைப்பாகக் கருதலாம். அப்போது ஒன்டிரைவ் தானே நின்றுவிடும். பேட்டரி சேமிப்பு முறையிலும் அப்படித்தான். சில நேரம் கோளாறே இருக்காது, காத்திருப்புதான். நொடிக்கு 10 மெகாபிட் ஏற்ற வேகத்தில் 10 ஜிபி திருமண வீடியோ ஏற இரண்டேகால் மணி நேரம் ஆகும்.

பெயர்க் கோளாறுகள் பலர் கவனிக்காதவை. தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு இவை கூடுதல் தொல்லை. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, சாய்கோடு இவற்றை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது. போனில் "ரசீது 12/06/2024" என்று பெயரிட்டவர் கணினியில் அதைத் தேடித் திண்டாடுவார். கோடுகளுக்குப் பதில் சிறு கோடு போட்டு 12-06-2024 என்று எழுதினால் தீர்ந்தது. இனி நம் எழுத்து. யூனிகோடில் "கோ" என்பதை இரண்டு விதமாகப் பதியலாம்: ஓகாரக் குறியை ஒற்றைக் குறியாக வைக்கலாம், அல்லது இரட்டைக் கொம்பு, துணைக்கால் என்று பிரித்து வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு வேறு பெயர்கள். 2017 வரை மேக் கணினிகளில் வழக்கமாக இருந்த கோப்பு முறை, பெயரைப் பிரித்தே பதிந்தது. விண்டோஸில் தட்டச்சிடும்போது பெரும்பாலும் ஒற்றைக் குறியாகவே விழும். அதனால்தான் "கோயில் படங்கள்" என்ற கோப்புறை சில இடங்களில் இரண்டாகத் தெரியும், தேடினால் ஒன்று கிடைக்காது. கொ, கௌ வரிசைகளுக்கும் இதே கதி. ஒன்றின் உள்ளே இருப்பதை மற்றொன்றுக்கு மாற்றி, பெயரை ஒரே கணினியில் புதிதாகத் தட்டச்சிட்டால் பிரச்சினை தீரும். நீளமும் ஒரு சிக்கல். லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் கோப்புப் பெயருக்கு 255 பைட்டுதான் எல்லை. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் செலவாகிறது. "கோயில்" என்ற மூன்று எழுத்துக்கே 18 பைட். விண்டோஸ் ஏற்றுக்கொண்ட நீண்ட தமிழ்ப் பெயர் போனில் மறுக்கப்படுவது இதனால்தான். பெயரைச் சுருக்குங்கள், தமிழைக் கைவிட வேண்டாம்.

ஒரே கோப்பை இருவர் ஒரே நேரத்தில், அதிலும் ஒருவர் நெட் இல்லாமல், திருத்தினால் சேவை இருவருடையதையும் காப்பாற்றப் பார்க்கும். முரண்பட்ட பிரதி என்று இரண்டாவது கோப்பு தோன்றும். அது குப்பை அல்ல. இரண்டையும் திறந்து ஒப்பிட்டுச் சேர்த்த பிறகே ஒன்றை அழியுங்கள். தவறி மேலெழுதிவிட்டால் கோப்பின் பழைய பதிப்புகள் வரலாற்றில் இருக்கும். கூகுள் டிரைவ் பொதுவாக 30 நாள் வரை வைத்திருக்கும். கடைக் கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறையை, அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பை நேரடியாக சிங்க் கோப்புறைக்குள் வைத்து ஓட்டாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நகலெடுக்கப்பட்டால் தரவே கெடும். மென்பொருளை மூடிவிட்டு எடுத்த பேக்கப் கோப்பை மட்டும் ஏற்றுங்கள்.

பகிரப்பட்ட கோப்பு உங்களுடையது அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். உரிமையாளர் அழித்தால் உங்களிடமும் போகும். பள்ளி, கல்லூரி, அலுவலகக் கணக்கில் சேர்த்தவை, வேலை முடிந்து கணக்கு மூடப்படும்போது கணக்கோடு போகும். கணக்கை மறந்தே விட்டாலும் ஆபத்துதான்: இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. இறந்தவரின் கணக்கில் இருக்கும் படங்களை நம்பியிருக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும்.

சிங்க் சேவைகளைக் கைவிடச் சொல்லவில்லை. போன் தொலைந்தால் அவைதான் கைகொடுக்கும். ஆனால் திரும்பக் கிடைக்காத படங்கள், சான்றிதழ்கள், பத்திரங்கள் ஆகியவற்றின் இன்னொரு பிரதி, சிங்க் ஆகாத ஒரு ஹார்டு டிஸ்க்கில், வேலை முடிந்ததும் கழற்றி வைக்கப்பட்டு, வீட்டில் இருக்கட்டும். நகலெடுத்தபின் அதிலிருந்து இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைச் செய்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்களின் போனுக்கும் சேர்த்தே செய்யுங்கள்.