டின்னர் ராத்திரியா, மத்தியானமா?

டின்னர் என்றால் ராச்சாப்பாடு, இதில் என்ன சந்தேகம் என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த வார்த்தையின் பூர்வீகத்தைத் தோண்டினால் கதை வேறு.

லத்தீனில் 'ஜெஜூனுஸ்' என்றால் பட்டினி, வெறும் வயிறு. (சிறுகுடலின் நடுப்பகுதிக்கு ஜெஜூனம் என்று பெயர் வந்ததும் இதிலிருந்துதான். பிணத்தை அறுத்துப் பார்த்தபோது அது காலியாகக் கிடந்ததாம்.) இதன் முன்னால் 'டிஸ்' சேர்ந்து, பழைய பிரெஞ்சில் தேய்ந்து, ஆங்கிலத்துக்கு வந்து டின்னர் ஆனது. அர்த்தம்: பட்டினியை முறிப்பது. அட, பிரேக்ஃபாஸ்ட்டுக்கும் அதே அர்த்தம்தானே!

இங்கிலாந்தில் ரொம்ப காலம் டின்னர் என்பது நாளின் பெரிய சாப்பாடு, நடுப்பகலில் சாப்பிட்டது. 18ஆம் நூற்றாண்டில் பணக்காரர்கள் அதை மூன்று மணி, நான்கு மணி, ஐந்து மணி என்று தள்ளிக்கொண்டே போனார்கள். லேட்டாகச் சாப்பிடுவது அந்தஸ்து; மெழுகுவர்த்தி எரிக்கக் காசு வேண்டுமே! 19ஆம் நூற்றாண்டில் அது ராத்திரிக்கே போய்விட்டது. நடுவில் விழுந்த ஓட்டையை அடைத்ததுதான் லஞ்ச். வட இங்கிலாந்தில் பலருக்கு இன்றைக்கும் மத்தியானச் சாப்பாடுதான் டின்னர். சாயங்காலம் சாப்பிடுவது 'டீ'. பள்ளிகளில் மத்தியானம் பரிமாறும் பெண்களுக்கு 'டின்னர் லேடி' என்றே பெயர்.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், இங்கே புனேயில் எங்கள் அலுவலகத்தில், விதர்பா பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பையன் ஒருவன் பகல் ஒரு மணிக்கு "டின்னருக்குப் போலாமா சார்?" என்று கேட்டான். கான்டீனே சிரித்தது. அதிலிருந்து மீட்டிங்கில் அவன் வாயே திறப்பதில்லை. வேலையில் படு கெட்டிக்காரன். ஆனால் அப்ரைசலில் 'கம்யூனிகேஷன் போதாது' என்று எழுதிவிட்டார்கள். சம்பள உயர்வு போச்சு.

யார்க்‌ஷயர்க்காரன் சொன்னால் வட்டார வழக்கு, நம்ம ஊர்ப் பையன் சொன்னால் தப்பு. இது என்னங்க நியாயம்? ஒரு மணிக்குக் கூப்பிட்டால் எந்தச் சாப்பாடு என்று யாருக்கும் புரியாமல் போகவில்லை. க்ளையன்ட்டுக்கு எழுதும் மெயிலில் குழப்பம் வரும் என்றால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சபையில் சிரிக்காதீர்கள். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு, பேச்சைக் கிண்டல் செய்தால் எப்படி வலிக்கும் என்று தெரியாததா?

வெள்ளைக்காரனே தன் வசதிக்கு நகர்த்திக்கொண்டு போன வார்த்தை அது. அதை ராத்திரி எட்டு மணியில் ஆணி அடித்து மாட்ட நாம் யார்?