ஓசூர் மாநகராட்சியும் கட்சிச் சண்டையும்

ஓசூர் நகரசபையானது 2019-ம் வருஷத்தில் மாநகராட்சியாயிற்று. 2016 முதல் 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டு நகரங்களில் ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபையே இல்லாமல் அதிகாரிகளே ஆண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு 45 வார்டு ஜனங்களும் ஓட்டுப்போட்டு அங்கத்தினர்களை அனுப்பியது எதற்காக? சென்னைக் கோட்டையில் நடக்கும் கட்சிச் சண்டையை ஓசூரிலும் ஒருமுறை நடத்திக் காட்டுவதற்காகவா என்று கேட்கின்றோம்.

எந்தக் கட்சித் தலைவர் யோக்கியர் என்று தீர்மானிக்கச் சட்டசபைத் தேர்தல் தனியே இருக்கின்றது. சாக்கடைக்கும் குழாய்க்கும் கட்சி ஏது? பெங்களூர்க் கழிவு கலந்து கெலவரப்பள்ளி அணையில் நுரைத்து வரும் தென்பெண்ணைத் தண்ணீர், ஆளுங்கட்சிக்காரர் வயல், எதிர்க்கட்சிக்காரர் வயல் என்று பார்த்தா பாய்கின்றது? சிப்காட் ஆலைகளை நம்பி வந்த தொழிலாளி தமிழரானாலும், தெலுங்கரானாலும், கன்னடரானாலும் ஒரே குழாயடியில்தானே குடம் வைக்கிறார்?

குடிதண்ணீர், ரோடு, குப்பை முதலிய 18 விஷயங்களை நகரசபைகளுக்கு ஒப்படைக்கத்தக்கவை என்று 1992-ல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் வகுத்திருக்கின்றது. "சர்க்கார் பணம் கொடுத்தால்தானே?" என்று சிலர் சொல்லக்கூடும். வாஸ்தவந்தான். ஆனால் அந்தப் பணத்தை எல்லாக் கட்சியாரும் ஒரே குரலாய்க் கேட்பதை யார் தடுத்தார்கள்?

ஆகவே, சபை கூடினால் வார்டுகளின் குறையே முதல் விஷயமாகட்டும். தலைவர்களின் புகழும் வசையும் வெளியே மேடையில் இருக்கட்டும். வார்டுவாசிகளும், ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் "உம் தலைவர் யார்?" என்று கேளாமல், "எங்கள் தெருவுக்கு என்ன செய்தீர்?" என்று கேட்கும்படி வேண்டிக்கொள்ளுகின்றோம்.