லேத் மிஷினா, குலத்தொழிலா?

வட்டக்கோட்டைக் கரையில் உட்கார்ந்துகொண்டு டெல்லித் தேர்தலைப் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று சிலருக்குத் தோன்றலாம். தோன்றட்டும். நம் காலனிப் பையன் ஐ.டி.ஐ.யில் லேத் பிடிப்பானா, அப்பன் செருப்புத் தைத்த சாக்கிலேயே உட்காருவானா என்பதில் அந்தத் தேர்தலுக்குப் பெரும்பங்கு உண்டு.

அரசு யாருக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கும் என்பது இங்கே புதுக் கேள்வியும் இல்லை. இந்தக் கோட்டையைப் புதுக்கிக் கட்டிய டச்சுக்காரர் டிலனாய்தான் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கு ஐரோப்பியப் போர்முறையைப் பழக்கினார். பாடம் படைக்கு, ஊழியம் நமக்கு.

அண்ணல் அம்பேத்கர் 1942இல் வைசிராயிடம் கொடுத்த மனுவில் என்ன கேட்டார்? நம் பிள்ளைகள் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். ரயில்வே பட்டறையிலும் அரசு அச்சகத்திலும் தொழிற்பயிற்சி. பழைய தொழிலை விட்டு இயந்திரத்தின் பக்கம் போக வழி கேட்டார். 1944இல் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வந்தது.

எண்பது வருஷம் கழித்து, மக்களவைத் தேர்தலுக்கு ஏழு மாதம் முன்னே, 2023 செப்டம்பர் 17இல் 13,000 கோடியில் விஸ்வகர்மா திட்டம் வந்தது. செருப்புத் தைப்பது, துணி வெளுப்பது, முடி திருத்துவது, மீன்வலை பின்னுவது என்று 18 தொழில். குடும்பத் தொழிலாக இருக்கணும், வயசு 18 ஆனால் போதும். ஒரு வாரப் பயிற்சி, 15,000 ரூபாய்க்குக் கருவிப்பெட்டி. குரு-சிஷ்ய பரம்பரையாம்! சாதி கேட்கலியே என்பார்கள். குடும்பத் தொழில் என்னன்னு கேட்டா சாதி தன்னால வந்து நிக்கும். 18 என்பது கல்லூரிக்குள் காலெடுத்து வைக்கிற வயசு. 1953இல் ராஜாஜியின் குலக்கல்வி அரை நாளைத்தான் கேட்டது. இது ஆயுசையே கேட்கிறது.

தமிழக அரசு 2024 நவம்பரில் இதை ஏற்க மறுத்தது சரியே. அதற்காக அது யோக்கியமாகிவிடாது. தனியார் கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த நம் பிள்ளைகளின் உதவித்தொகையை 2017இல் ஓர் அரசாணையால் வெட்டியது இதே கோட்டைதான், அன்றைய ஆட்சி வேறு என்றாலும். மத்திய அரசோ 2017-18க்குப் பிறகு அந்தச் செலவின் பெரும்பகுதியை மாநிலங்களின் தலையில் கட்டியது. 2020 டிசம்பரில்தான் 60:40 என்று இறங்கி வந்தது. நடுவில் படிப்பை விட்டவனுக்கு யார் பதில்?

2024இல் பா.ஜ.க. 240 இடத்தில் நின்றது. ஜூலை 23 பட்ஜெட்டைப் பாருங்கள்: 500 பெரிய கம்பெனிகளில் 1 கோடிப் பேருக்குப் பயிற்சி, மாதம் 5,000, 1,000 ஐ.டி.ஐ.களுக்கு மேம்பாடு. பழகுநருக்கு ஆண்டுக்கு 1 லட்சம் என்று காங்கிரஸ் தன் அறிக்கையில் சொன்னதன் சாயல் அதில் இருக்கிறது. நாற்காலி ஆடினால் கஜானா கொஞ்சம் திறக்கத்தான் செய்கிறது. ஆனால், அந்த 500 வாசலில் நமக்கு எத்தனை இடம்?

அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் மாணவத் தோழர்கள் இதைக் கேட்கணும். கூடவே, நாகர்கோவில் கோணம் பாலிடெக்னிக்கில் சேர்ற பையனுக்கு உதவித்தொகை எந்த மாசம் கையில வரும் என்றும். வாய்ப்பேச்சு வேண்டாம், தேதி போட்டு எழுதித் தரட்டும்.