ஓடையை மறிப்பவர் யார்?

செய்தியோடை என்னும் ஏற்பாடு செத்துவிட்டது என்றும், அதனைப் பற்றிப் பேசுவோர் பழமையிற் சுகங்காண்போர் என்றும் கூறும் ஒரு கூட்டம் இன்று எம்மிடையே வளர்ந்து வருகின்றது. இவ்வாறு கூறுவோருட் பலர் கணினித் தொழிலிலே தேர்ந்தவர்கள். சிலர் சிற்றிதழ் நடத்துவோர். பின்னவர் இதனைக் கூறும்பொழுதுதான் எமக்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன. சொந்தக் கிணற்றைத் தூர்த்துவிட்டுத் தண்ணீர் விற்பவனைப் புகழும் செயல் இது.

செய்தியோடை என்பது யாது? ஓர் இணையத்தளத்திலே புதிதாக வெளிவந்த ஆக்கங்களின் தலைப்பு, முகவரி, நாள், சுருக்கம் ஆகியவற்றைப் பொறியொன்று படித்தறியத்தக்க ஒழுங்கில் எழுதிவைத்த சிறிய கோப்பு, அவ்வளவே. ஆர்.எஸ்.எஸ். என்பது அதன் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம். (இப்பெயரைக் கேட்டதும் நண்பர் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். அயல்நாட்டு மதவாத இயக்கத்துக்கும் இதற்கும் பெயரொற்றுமை அன்றி வேறெத் தொடர்பும் இல்லை.) 1999 மார்ச்சில் நெற்ஸ்கேப் நிறுவனத்திலே பணியாற்றிய டான் லிபி, இராமநாதன் குஹா ஆகிய இருவரின் கைகளிலே அது பிறந்தது. 2000 ஆம் ஆண்டில் அதன் பிறிதொரு வடிவை வகுத்த குழுவிலே ஆரன் சுவாட்ஸ் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனும் இருந்தான். 2003 இல் டேவ் வைனர் தாம் எழுதிய வரையறையை ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையமொன்றிடம் ஒப்படைத்தார். எவரும் எவருக்கும் உரிமைப்பணம் செலுத்தாது அதனைப் பயன்படுத்தலாம். இலாபத்தை முதற்கடவுளாகக் கொண்ட ஓர் உலகிலே இத்தகைய பொதுச் சொத்தொன்று உருவானமை சிறிய காரியம் அன்று.

அதனால் தமிழர் அடைந்த பயனை நாம் மறத்தலாகாது. 2004 ஆம் ஆண்டிலே காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்னும் திரட்டி, வலைப்பதிவுகளின் ஓடைகளைப் படித்தே இயங்கியது. கோயம்புத்தூரிலிருந்து எழுதியவரும், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியவரும், ரொறன்ரோவிலே பனியிடைக் குந்தியிருந்து எழுதியவரும் அங்கே ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வந்தனர். போர்க்காலத்திலே எமது மக்களின் அவலத்தைப் பற்றிய எத்தனையோ குறிப்புகள் அவ்வழியே கடல் கடந்து வாசிக்கப்பட்டன.

இவ்வழி தானாகத் தூர்ந்ததா? இல்லை. தூர்த்தவர் யாரென்பது பதிவிலுள்ளது. ருவிற்றர் நிறுவனம் 2013 யூனில் தன் பக்கங்களின் ஓடைகளை மூடிற்று. அடுத்த மாதம் முதலாந் திகதி கூகிள் நிறுவனம் தன் ‘ரீடர்’ என்னும் ஓடை வாசிப்புச் சேவையை நிறுத்தியது. வாசகர்கள் முகநூலுக்குள்ளும் ருவிற்றருக்குள்ளும் போய்ச் சேர்ந்தனர். சேர்ந்த பின்னர், அவர்களிடம் எழுத்தைக் கொண்டு செல்ல எழுத்தாளனுக்கு எஞ்சியிருந்த வழி ஒன்றே: தன் தளத்தின் ஓடையைப் படித்து, தன் பெயரால் அவ்விடங்களிற் பதிவிடும் மூன்றாந்தரப்புச் சேவைகள். அவ்வழியும் படிப்படியாக அடைக்கப்பட்டது. 2018 ஓகஸ்ற் 1 முதல், தனிநபர் பக்கங்களிலே வெளிச்சேவைகள் பதிவிடுவதை முகநூல் நிறுத்தியது. ருவிற்றர் 2023 இல் வெளிச்சேவைகளுக்கான இலவச அனுமதியைச் சுருக்கி, பயனுள்ள அனுமதிக்கு மாதக்கட்டணம் விதித்தது. அவ்வாண்டு மே மாதத்திலே வேர்ட்பிரஸ் தளங்களிலிருந்து அங்கு தானாகவே பதிவிடும் வசதி கைவிடப்பட்டது. 2024 ஏப்ரலில் முகநூற் குழுக்களின் கதவும் வெளிச்சேவைகளுக்கு மூடப்பட்டது. முகநூற் பக்கங்களுக்கான வழி மாத்திரம் ஒருவாறு திறந்திருக்கின்றது. இங்கிலாந்திலே பொது மேய்ச்சல் நிலங்கள் வேலியடைக்கப்பட்ட கதையை வகுப்பிலே கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இந்த நிகழ்ச்சி வரிசை புதிதாகத் தோன்றாது.

ஆனால் எமது இன்றைய முறையீடு அந்தப் பெருங்கதவுகளைப் பற்றியது மாத்திரம் அன்று. எஞ்சியிருக்கும் ஒற்றையடிப் பாதையும் அடைபடுகின்றது. அதுவும் எமது சொந்த வாசலிலேயே அடைபடுகின்றது.

எமது வட்டத்தினர் நடத்தும் சிற்றிதழின் தளத்துக்கு நேர்ந்ததைச் சான்றாகத் தருகின்றோம். அதன் ஓடையைப் படித்து முகநூற் பக்கத்திலே பதிவிடும் சேவை ஒருநாள் நின்றது. ‘ஓடையைப் படிக்க முடியவில்லை’ என்றது சேவை. எமது உலாவியில் அதே முகவரியைத் திறந்தால் ஓடை அழகாகத் தெரிந்தது. தளத்துக்கு இடமளிக்கும் நிறுவனத்தைக் கேட்டோம். தளம் நலமே என்றனர். இவ்வாறு மூன்று மூலைகளில் மூவர் நின்று ஒருவரையொருவர் சுட்டினர். இரண்டு மாதங்களாக எக்கட்டுரையும் வாசகரிடம் போய்ச் சேரவில்லை. தோட்டப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை பற்றி உழைத்தெழுதிய கட்டுரையும் அவற்றுள் ஒன்று. இதழ் நின்றுவிட்டதா என்று பதுளையிலிருந்து ஒரு வாசகர் கேட்டெழுதினார். நட்டம் எத்தகையது என்பதற்கு இதனினும் வேறு கணக்கு வேண்டியதில்லை.

நோயைக் கண்டறிதல் அரிதன்று; பொறுமையே வேண்டும். உலாவியில் ஓடை தெரிவது எதனையும் நிரூபிப்பதில்லை. உலாவி மனிதனுடையது என்று காவற்பொறி நம்புகின்றது. அது இடும் புதிரை உலாவி எமக்குத் தெரியாமலே விடுவித்துவிடுகின்றது. ஓடையைப் படிக்கவரும் சேவையோ புதிர் விடுவிக்கத் தெரியாத எளிய பொறி. கோப்பைக் கேட்கும், பெறும், போகும். அதற்குப் புதிர்ப் பக்கத்தைக் கொடுத்தால் ‘இது ஓடையன்று’ எனத் திரும்பும். அல்லது 403 என்னும் எண்ணைப் பெற்றுத் திரும்பும். கேட்டது விளங்கியது, எனினும் தரமாட்டேன் என்பதே அவ்வெண்ணின் பொருள். ஆகவே வழங்கியின் வருகைப் பதிவேட்டை முதலிற் பார்த்தல் வேண்டும். சேவையின் வருகை அங்கே 403 என்று பதிவாகியிருப்பின், தடுத்தது தளத்தினுள்ளே இருக்கும் பாதுகாப்புச் செருகியோ வழங்கியின் காவல் விதியோ ஆகும். பதிவேயில்லை எனில், வழங்கியை அடையுமுன்பே வெளி வாசலில் நிற்கும் காவல் நிறுவனம் தடுத்துவிட்டது என்பது பெரும்பாலும் உறுதி. எமது பதிவேட்டிலே எமது சொந்த வருகைகள் இருந்தன. சேவையின் வருகை ஒன்றேனும் இல்லை. இதனைக் காட்டிக் கேட்டபோது, ‘உங்கள் பாதுகாப்புக்காகவே’ என்று இடமளிக்கும் நிறுவனம் விடை தந்தது. எமது பாதுகாப்புக்காக எமது குரல்வளையை நெரித்தனர் என்று கொள்வோம்.

கோப்பின் தொடக்கத்திலே ஒரு வெற்று வரி புகுந்து ஓடையைக் கெடுப்பதும், சான்றிதழ்த் தொடரில் ஓர் இடைக்கண்ணி விடுபட்டுப்போக உலாவி மாத்திரம் அதனைச் சமாளிப்பதும் உண்டு. அவை உண்மையான பழுதுகள், திருத்திக்கொள்ளலாம். நாம் பேசுவது பழுதைப் பற்றியன்று, கொள்கையைப் பற்றி.

அக்கொள்கையின் இயல்பை உணர்த்த ஒரு செய்தி போதும். ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் காவல் விதித்தொகுதி உலகெங்கும் வழங்கிகளிலே பயன்படுகின்றது. அதிலே கடுமையின் அளவுக்கேற்ப நான்கு படிகள் உள. மூன்றாம் படியை இயக்கினால், 127 என்னும் எண்ணுக்கு மேற்பட்ட குறியீடு ஒரு வேண்டுகையிற் காணப்படுவதையே ஐயத்துக்குரியதாகக் கணக்கிடும் விதியொன்று செயற்படும். ஆங்கில எழுத்துகள் அனைத்தும் அவ்வெல்லைக்குள் அடங்கும். தமிழெழுத்து ஒன்றேனும் அடங்காது. கட்டுரை முகவரியிலே ‘கல்வி’ என்று தமிழில் எழுதியிருந்தால் அதுவே குற்றத்தின் அறிகுறி! நியாயத்தைச் சொல்லிவிடுதல் வேண்டும்: இயல்பாக இயங்குவது முதலாம் படியே, மேற்படிகள் தவறான எச்சரிக்கை தரும் என்று விதியை ஆக்கியோரே கூறியுள்ளனர். எனினும் ‘கடுமை கூடினாற் பாதுகாப்புக் கூடும்’ என்று எண்ணும் நிர்வாகி ஒருவர் பொத்தானை அழுத்துமிடத்து, எமது மொழி களவாளியின் முகச்சாயல் பெற்றுவிடுகின்றது. இயல்பான மனிதன் என்றால் ஆங்கிலத்தில் முகவரி எழுதுபவன் என்ற எண்ணம் இவ்விதிக்குள்ளே உறைந்து கிடக்கின்றது.

காவலே வேண்டாம் என்று நாம் வாதிடவில்லை. செயற்கை அறிவு நிறுவனங்களின் பொறிகள் இன்று சிறு தளங்களை இரவு பகலாக மொய்க்கின்றன; கூலியின்றி எழுத்தை வாரிச் செல்கின்றன; வழங்கியின் செலவோ தளம் நடத்துவோர் தலையிலே விழுகின்றது. 2025 யூலை 1 ஆம் திகதி கிளவுட்பிளேயர் நிறுவனம், புதிதாகச் சேரும் தளங்களில் அப்பொறிகளை இயல்பாகவே தடுப்பதாக அறிவித்தபோது வரவேற்றவர்களுள் நாமும் அடங்குவோம். ஆனால் கள்வனைத் தடுக்கும் காவலன் தபாற்காரனையும் தடுத்தால் அவனைக் காவலன் என்று எவ்வாறு அழைப்பது? இவ்விடத்திலே வர்க்க வேறுபாடு தெளிவாகப் புலப்படுகின்றது. அதே நிறுவனத்தின் இலவசத் தரத்திலுள்ள பொறித்தடுப்பு ஏற்பாட்டிலே, ஓடையின் முகவரிக்கு மாத்திரம் விலக்களிக்கும் விதியை எழுத இடமில்லை. முழுவதையும் இயக்கலாம், அல்லது முழுவதையும் நிறுத்தலாம். விலக்கு விதி எழுதும் உரிமை கட்டணஞ் செலுத்துவோரின் ஏற்பாட்டிலேயே உண்டு. பணமுள்ளவன் தபாற்காரனை உள்ளே விடலாம். இல்லாதவன் கதவைப் பூட்டிக்கொண்டிருக்கலாம், அன்றேல் திறந்துபோட்டுக் கொள்ளை கொடுக்கலாம்.

இக்காவல் எவ்வளவு உறுதியானது என்பதையும் கண்டோம். 2025 நவம்பர் 18 ஆம் திகதி உலகின் எத்தனையோ தளங்கள் மணிக்கணக்காக முடங்கின. பகைவர் எவரும் தாக்கவில்லை. அந்நிறுவனத்தின் பொறிகளை இனங்காணும் பகுதிக்குரிய கோப்பொன்று அளவுக்கு மிஞ்சிப் பருத்தமையே காரணம். எழுத்துலகின் வாசல்கள் யாவற்றையும் ஒரே காவலனிடம் கொடுத்ததன் பலன் அது.

‘இத்தனை தொல்லை எதற்கு? கட்டுரையின் முகவரியைக் கையாலேயே முகநூலில் ஒட்டிவிடலாமே’ என்பர் சிலர். ஒட்டலாம். நாளொன்றுக்கு எட்டுப் பாடவேளைகள் கற்பித்து, விடைத்தாள் திருத்தி, அதன்பின் இதழுக்கு எழுதும் ஆசிரியனிடம் அந்த வேலையையும் சுமத்தலாம். அவ்வாறு ஒட்டினும், தலைப்பையும் படத்தையும் எடுப்பதற்கு முகநூல் தன் பொறியையே தளத்துக்கு அனுப்புகின்றது. அதனையும் இதே காவல் தடுத்தால் வெறும் முகவரி மாத்திரம் வாலறுந்த பட்டம்போற் கிடக்கும். அதனை யார் அழுத்திப் படிப்பர்?

வேறு சிலர் எதிர்த்திசையில் நிற்கின்றனர். பெரு முதலாளிகளின் தளங்களிலே பதிவிடுவதே இழுக்கு, ஓடை அங்கு பாயாதிருப்பதே நன்று என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு வீரமாகவே இருக்கின்றது. ஆயின் ஹட்டனிலும் மூதூரிலும் உள்ள மாணவன் கையிலிருக்கும் தொலைபேசியில் இணையம் என்றாலே முகநூல்தான். அவனிருக்கும் இடத்துக்குப் போகாத இலக்கியம் யாருடைய இலக்கியம்? அங்கு போதல் வேண்டும். போய் அவனை வெளியே அழைத்துவருதலும் வேண்டும். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதியும் இந்நாட்டின் அரசு சமூக ஊடகங்களை முடக்கிற்று. முகநூலை மாத்திரம் அறிந்த வாசகன் அந்நாட்களிலே எம்மை இழந்தான். ஓடையை நேரே படிக்கும் செயலி ஒன்றைத் தன் தொலைபேசியில் வைத்திருந்தவனுக்கு இதழ் வந்துகொண்டே இருந்தது. பாலமாகவும் மாற்று வழியாகவும் ஒருங்கே பயன்படுவது ஓடை. ஆதலாலேதான் அதன் அடைப்பைச் சிறு தொழில்நுட்பக் கோளாறு என்று ஒதுக்கிவிட எம்மால் இயலவில்லை.

நாம் கேட்பவை மிகையானவை அல்ல. தளங்களுக்கு இடமளிக்கும் நிறுவனங்கள், ஓடையின் முகவரியைப் புதிர்களிலிருந்து விலக்குதலைக் கட்டணமற்ற இயல்பு நிலையாக்குதல் வேண்டும். யாவரும் எடுத்துச் செல்வதற்கென்றே வாசலில் வைத்த கோப்புக்குக் காவல் எதற்கு? அளவுக்கு மிஞ்சி வருவோரைத் தடுக்க வேகக்கட்டுப்பாடு போதும். காவலை மாற்றுமுன் தளத்துக்குரியவருக்கு ஒரு வரியேனும் அறிவித்தல் வேண்டும். பதிவிடும் சேவைகள் தம் பொறியின் பெயரையும் அது புறப்படும் முகவரிகளையும் ஒளிவின்றி வெளியிடுதல் வேண்டும். தாம் பெற்ற பிழை எண்ணை மறைத்து ‘ஏதோ தவறு நேர்ந்தது’ என்று பசப்புதலை நிறுத்துதல் வேண்டும். பாடசாலைகளிலே தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் நண்பர்கள், பதிவேட்டில் ஒரு 403 வரியை வாசிக்க மாணவருக்குப் பழக்குதல் வேண்டும். அதற்கு ஒரு பாடவேளை போதும்.

சிற்றிதழாளர்களுக்கும் ஒரு சொல். உங்கள் தளத்தின் ஓடை முகவரியை வேறோர் ஊரிலுள்ள நண்பரிடம் கொடுத்து, உலாவியாலன்றி ஓடை வாசிக்கும் செயலியாலே இவ்வாரமே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். திறக்கவில்லை எனில், இடமளிக்கும் நிறுவனத்துக்கு நாள், நேரம், பிழை எண் ஆகியவற்றோடு எழுத்திலே முறையிடுங்கள். கிடைக்கும் விடையை உங்கள் இதழிலேயே அச்சிடுங்கள்.