பூட்டு யார் கையில்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளிலும், சுற்றுப்புறக் கிராமங்களின் டீக்கடைகளிலும், மில் வாசல்களிலும் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "எங்ககிட்ட மறைக்க என்ன தோழர் இருக்கு? பணக்காரன் பயப்படட்டும். என் செல்போனைப் பார்த்து எவன் என்ன கண்டுபிடிக்கப் போறான்?" என்பது அது. இன்னொரு பேச்சும் உண்டு. கட்டற்ற மென்பொருள், திறமூலம் என்று யாராவது ஆரம்பித்தால், "அது கம்ப்யூட்டர் படித்தவங்க சமாசாரம், நமக்கு எதுக்கு?" என்று தள்ளிவிடுகிறார்கள்.

இந்த இரண்டு அபிப்பிராயங்களும் தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறோம். உழைப்பாளியின் வாழ்க்கை இன்று முழுக்கத் திறந்து கிடக்கிறது. அவனுடைய கூலியை, அரிசியை, கடனைத் தீர்மானிக்கும் கருவியின் மேலோ பூட்டுத் தொங்குகிறது. பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது. இதுதான் விஷயம்.

படம் ஏறினால்தான் கூலி

நூறு நாள் வேலைக்குப் போன விவசாயத் தொழிலாளிகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2021 மே மாதம் மத்திய சர்க்கார் வருகைப் பதிவுக்கென்று ஒரு செயலியைக் கொண்டுவந்தது. 2023 ஜனவரி 1 முதல் அது கட்டாயமாயிற்று. ஒரே நாளில் இரண்டு முறை, நேரத்தோடும் இடத்தோடும், தொழிலாளிகளைப் படம் பிடித்து ஏற்ற வேண்டும். ஏரிக்கரையில் சிக்னல் கிடைக்காவிட்டால்? வெட்டிய மண் வெட்டியபடி கிடக்கும், வருகை ஏறாது. இதை எதிர்த்து 2023 பிப்ரவரியில் டெல்லி ஜந்தர் மந்தரில் பல மாநிலத் தொழிலாளிகள் போராட்டம் தொடங்கினார்கள்.

சரி, செயலி வந்ததால் திருட்டாவது ஒழிந்ததா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது: வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன, படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று. திருடத் தெரிந்தவன் செயலிக்குள்ளும் திருடினான். குனிந்து வேலை செய்த பெண்தான் நாள் கூலியைப் பறிகொடுத்தாள். 2025 டிசம்பரில் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வேறு சட்டம் வந்தது. சட்டத்தின் பெயர் மாறிற்று. நம்முடைய கேள்வி மாறவில்லை.

முன்பு மஸ்டர் ரோல் என்ற காகிதம் இருந்தது. அதிலும் மோசடி நடந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தைப் பத்துப் பேர் நடுவில் வைத்து உரக்கப் படிக்க முடிந்தது. 1994-இல் ராஜஸ்தானில் கிராமத்து உழைப்பாளிகள் அதைத்தான் செய்தார்கள். கூலிப் பட்டியலையும் செலவுக் கணக்கையும் ஊர் முன்னால் படிக்க வைத்தார்கள். அந்தப் பொது விசாரணைகளில் முளைத்த கோரிக்கைதான் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்தது. இன்று கணக்கு எழுதுவது மென்பொருள். ஆகவே மென்பொருளின் மூலநிரல்தான் இன்றைய மஸ்டர் ரோல். அதைப் படித்துப் பார்க்கும் உரிமை வேண்டும் என்று கேட்பது படித்தவர்களின் பொழுதுபோக்கா?

மறைக்க என்ன இருக்கிறது?

இனி முதல் பேச்சுக்கு வருவோம். உழைப்பாளிக்கு மறைக்க ஒன்றுமில்லையா? எத்தனை கடன், யாரிடம் கடன் என்பதை ஊருக்கெல்லாம் சொல்வோமா? மகளின் போன் நம்பரைத் தெருவில் எழுதி வைப்போமா? சங்கத்தில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று, சங்கம் பதிவாகும் முன்பே முதலாளியிடம் பட்டியல் கொடுப்போமா?

கடன் செயலிகள் செய்ததைப் பாருங்கள். ஐயாயிரம், பத்தாயிரம் அவசரத்துக்கு வாங்கினவர்களின் போனிலிருந்து நம்பர்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டார்கள். தவணை தவறியதும் மாமியாருக்கும், சம்பந்திக்கும், பக்கத்து வீட்டுக்கும் போன் போட்டு மானத்தை வாங்கினார்கள். படங்களை அசிங்கமாக மாற்றி அனுப்பி மிரட்டினார்கள். உயிரை விட்டவர்களும் உண்டு. கடைசியில் 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் போனில் உள்ள நம்பர்களையும் படங்களையும் தொடக் கூடாது என்று விதி போட்டது. மறைக்க ஒன்றுமில்லை என்று நினைத்தவர்களின் மானம்தான் அங்கே அடமானமாகப் போயிருந்தது.

ரேஷன் கடைக்கு வருவோம். பட்டு இழையிலும் ஜரிகையிலும் தேய்ந்த விரல், களை பறித்துக் காய்த்த விரல், யந்திரத்தில் பதியவில்லை என்றால் குற்றம் யாருடையது? உழைத்த கைக்கு யந்திரம் தண்டனை கொடுக்கிறது. 2017-இல் ஜார்க்கண்டு மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்காததால் ரேஷன் அட்டையை ரத்து செய்தார்கள், பட்டினியால் குழந்தை செத்தது என்று குடும்பத்தார் சொன்னார்கள். அரசாங்கம் பட்டினிச் சாவு அல்ல என்று மறுத்தது. அட்டை ரத்தான விஷயம் மட்டும் மறுக்க முடியாததாக நின்றது.

இன்னும் பெரிய அபாயமும் உண்டு. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்டின் பழங்குடி மக்களுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, 2020 அக்டோபரில் பீமா கோரேகான் வழக்கில் கைது செய்யப்பட்டார். 2021 ஜூலை 5-ஆம் தேதி, 84-ஆம் வயதில், ஜாமீன் கிடைக்காமலேயே இறந்தார். அவருடைய கம்ப்யூட்டருக்குள் வெளியாட்கள் திருட்டுத்தனமாகப் புகுந்து கோப்புகளை வைத்திருக்கிறார்கள் என்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஆய்வு நிறுவனமான ஆர்செனல் கன்சல்டிங் 2022 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. நம் வீட்டிலிருந்து எடுத்துப் போகிறவர்களைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதாது. கதவு திறந்திருந்தால் உள்ளே கொண்டுவந்து வைக்கவும் முடியும்.

நெசவாளிக்குத் தெரிந்த விஷயம்

"மூலநிரல் என்கிறீர்களே, அதை நாங்கள் எப்படிப் படிப்பது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் காஞ்சிபுரத்து நெசவாளிக்கு இது புதிதல்ல. தறியின் தலைக்கு மேலே தொங்கும் ஜக்கார்டு அட்டைகளை நினைத்துப் பாருங்கள். ஓட்டை உள்ள இடத்தில் கொக்கி பாவு இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் தூக்காது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. இப்படி நூற்றுக்கணக்கான அட்டைகளைக் கோத்தால் மயிலும் யானையும் மாங்காயும் வருகின்றன. யந்திரத்துக்கு இடும் கட்டளைகளின் வரிசை அது. மென்பொருள் என்பதும் அதுவேதான். இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் 19-ஆம் நூற்றாண்டில் கணிப்பொறியைக் கற்பனை செய்தபோது இந்தத் தறி அட்டையைத்தான் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்.

பூவில் ஓர் இதழ் பிசகினால் நெசவாளி என்ன செய்கிறார்? அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்க்கிறார். எந்த ஓட்டை தவறு என்று கண்டுபிடிக்கிறார். தனக்குத் தெரியாவிட்டால் அட்டை அடிப்பவரிடம் காட்டுகிறார். அட்டைப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, "உள்ளே பார்க்கக் கூடாது; பூ பிசகினால் உன் கூலியில் பிடிப்போம்" என்று ஒருவன் சொன்னால் தெருவே திரண்டுவிடாதா? செல்போன் செயலியில் அதே காரியம் நடக்கும்போது மட்டும் ஏன் சும்மா இருக்கிறோம்?

இந்த ஜக்கார்டுக்கு ஒரு சரித்திரமும் உண்டு. பிரான்ஸ் தேசத்துப் பட்டு நகரமான லியோனில் ஜோசப் மரி ஜக்கார்டு இந்தப் பொறியைச் செய்தார். 1805-இல் அது பொதுச் சொத்தாக்கப்பட்டது. ஜக்கார்டுக்கு ஓய்வூதியமும், ஒவ்வொரு பொறிக்கும் ஒரு தொகையும் தரப்பட்டன. பொறியை யாரும் செய்யலாம், யாரும் திருத்தலாம் என்று ஆனது. பொதுவான கருவி ஊர் ஊராய்ப் பரவும். காஞ்சிபுரத்துத் தறியின் தலைக்கும் அது வந்து சேர்ந்தது.

நம் காலத்தில் இதே கொள்கையைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983-இல் அவர் இந்த இயக்கத்தை அறிவித்தார். மென்பொருளை எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தலாம், உள்ளே பார்த்துத் திருத்தலாம், நகல் கொடுக்கலாம், திருத்தியதையும் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் இதோடு சேர்ந்தது. கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே நடக்கின்றன. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய போஸ் லினக்ஸும் இடம் பெற்றது. அதைச் சொல்லிக் கொடுப்பார் இல்லாததால் பல வீடுகளில் அது திறக்கப்படாமலே போயிற்று. மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திக்கொண்டது. நன்றாக ஓடும் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் ஒரே நாளில் பழசாகிவிட்டன. அவற்றில் லினக்ஸ் போட்டால் ஓடும்.

இரண்டு ஆட்சேபனைகள்

நெசவாளத் தோழர்கள் ஓர் ஆட்சேபனை சொல்வார்கள். "எல்லாவற்றையும் திறந்து வை என்கிறீர்கள். எங்கள் புட்டாவைப் போனில் படம் பிடித்து விசைத்தறியில் போட்டு விற்கிறானே, அவனுக்கும் திறந்து வைக்கவா?" இது வயிற்றோடு சம்பந்தப்பட்ட கேள்வி. லியோனில் பொதுவாக்கியது பொறியை, பூவை அல்ல. எல்லோரும் பயன்படுத்தியே தீர வேண்டிய கருவி பொதுவாக இருக்கட்டும். உழைப்பாளியின் கைவேலைக்கும் சொந்த விஷயங்களுக்கும் பாதுகாப்பு இருக்கட்டும். காஞ்சிபுரம் பட்டு என்ற பெயருக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊருக்குச் சொந்தம். கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 1985 முதல் இருக்கிறது. அதை அமல் நடத்தச் சொல்லிப் போராட வேண்டும். கட்டற்ற மென்பொருளிலும் கட்டுப்பாடு உண்டு. அதன் முக்கியமான உரிமத்தின்படி, எடுத்துத் திருத்திப் பிறருக்குக் கொடுப்பவன் அதே சுதந்திரத்தோடுதான் கொடுக்க வேண்டும்; பொதுவிலிருந்து எடுத்துப் பூட்டி வைக்கக் கூடாது.

இரண்டாவது ஆட்சேபனை: "திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?" ஆகாது. லியோனில் பொறி பொதுவானது. ஆனால் கூலியை வியாபாரிகள் வைத்துக்கொண்டார்கள். 1831-இலும் 1834-இலும் அங்கே நெசவாளிகள் கிளர்ந்தெழ வேண்டியிருந்தது. இன்றும் ஆண்ட்ராய்டு போன்களின் அடியில் லினக்ஸ்தான் இருக்கிறது. அதன் மேல் கூகுள் தன் வியாபாரத்தைக் கட்டி, நாம் போகும் இடம் வரும் இடமெல்லாம் குறித்துக்கொள்கிறது. திறப்பு என்பது ஆரம்பம். அதைக் கண்காணிக்கச் சங்கம் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அதில் சர்க்கார் தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் மூலம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் திருத்திவிட்டார்கள். அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. தனிநபர் விவரம் என்று சொல்லி அதிகாரி தகவல் தர மறுப்பது இப்போது சுலபமாகிவிட்டது. நம்முடைய அந்தரங்கத்தின் பெயரால் அவர்களுடைய கணக்கு மறைகிறது!

நாம் செய்ய வேண்டியது

சர்க்காரிடமும் கூட்டுறவுச் சங்கங்களிடமும் நாம் கேட்க வேண்டியவை இவை:

பொதுப் பணத்தில் செய்த மென்பொருளின் மூலநிரல் பொதுவில் இருக்க வேண்டும். கூலி, ரேஷன், நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கணக்கு ஆகியவற்றுக்கு இது முதலில் வேண்டும்.

யந்திரம் மறுத்தால் அந்த இடத்திலேயே காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். விரல் பதியவில்லை, படம் ஏறவில்லை என்பதற்காக அரிசியும் கூலியும் நிற்கக் கூடாது.

ஒரு வேலைக்கு எந்த விவரம் அவசியமோ அதை மட்டும் கேட்க வேண்டும். எதற்குக் கேட்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.

நாம் இன்றே செய்யக் கூடியதும் உண்டு. செயலி எதுவானாலும், போனில் உள்ள நம்பர்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். சங்க உறுப்பினர் பட்டியலை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடும் முன் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். காஞ்சிபுரத்திலேயே லினக்ஸ் பயனர் குழு ஒன்று பல ஆண்டுகளாக இயங்கி வருகிறது. கட்டற்ற மென்பொருளைத் தமிழில் சொல்லித்தர 'கணியம்' என்ற மின்னிதழ் 2012-இல் தொடங்கியது. அந்த இளைஞர்களைத் தறித் தெருவுக்கு அழைப்போம். அட்டை அடிக்கத் தெரிந்தவர்களும் நிரல் எழுதத் தெரிந்தவர்களும் ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேசட்டும்.

யந்திரம் நமக்குப் பகையல்ல. அதைச் செய்வதும் உழைப்பாளி, ஓட்டுவதும் உழைப்பாளி. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போனைப் பூட்டிச் சேர்ப்பது நம் வீட்டுப் பெண்களின் கைகள்தான். அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று அறியும் உரிமை நமக்கு வேண்டும். நம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையும் வேண்டும். கருவியைத் திற, எங்கள் கதவைத் தொடாதே என்று ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும் தீர்மானம் போடுவோம்.