வரி பாக்கியும் துக்க மணியும்

எங்கள் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றில், கோயில் வரி பாக்கி வைத்தவர் வீட்டில் சாவு விழுந்தால் துக்க மணி அடிக்கும் முன் கமிட்டிக்காரர்கள் நோட்டைத் திறப்பார்கள். "பாக்கியக் கட்டிட்டுக் குழி வெட்டுங்க." கணவனைப் பறிகொடுத்தவள் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ரசீது மட்டும் ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தார்கள்.

வரியே கூடாது என்பதல்ல என் வாதம். வெள்ளையடிக்கவும் உபதேசியார் சம்பளத்துக்கும் பணம் வேண்டும்தான். அதை வசூலிக்கப் பிணம் கிடக்கும் வீடுதானா கிடைத்தது?

ஓய்வுநாளில் சூம்பிய கையைக் குணமாக்கிய இயேசு சட்டம் தெரியாதவர் அல்ல. கிணற்றில் விழுந்த மாட்டை அன்றைக்கும் தூக்கிவிடமாட்டீர்களா என்று சட்டம் படித்தவர்களையே மடக்கியவர். ரோமாபுரியும் இறங்கி வந்தது. தெரிந்தே தற்கொலை செய்துகொண்டவருக்கு 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அடக்கச் சடங்கை மறுத்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. ஊர்க் கமிட்டிகள்தான் ரோமாபுரியைவிடக் கறாராக இருக்கின்றன!

பாக்கியை முப்பதாம் நாள் பூசை கழிந்து கேட்கலாம். முடியாதவருக்குப் பொதுக்கூட்டத்தில் தள்ளுபடி செய்யலாம். திருவிழா வாணவேடிக்கைக்கு அள்ளி இறைக்கும் ஊருக்கு இது ஒரு தொகையா?