எந்த ஆப் நல்லது என்று கேட்கிறார்கள்

மணமேல்குடிக்குப் போகும்போதெல்லாம் உறவினர்கள் கேட்பது, "தம்பி, பிள்ளைக்கு ஏபிசிடி சொல்லித்தர எந்த ஆப் நல்லது?" என்றுதான். சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன் உடனே ஒரு பெயரைச் சொல்வான் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் சொல்வதில்லை.

இத்தகைய ஆப்களில் பெரும்பாலும் குழந்தைக்கு உள்ள வேலை விரலால் தொடுவது மட்டும்தான். தவறாகத் தொட்டாலும் அடுத்த முறை கைதட்டல் கேட்டுவிடும். ஒன்றாம் வகுப்பில் பென்சில் பிடிக்க வேண்டும், பக்கத்துப் பிள்ளையோடு ஒத்துப்போக வேண்டும், "டீச்சர், பாத்ரூம் போகணும்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் அங்கன்வாடிதான் சரியான இடம். 2019 ஜனவரியில் தமிழக அரசு 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளையே தொடங்கியது. எழுத்துக்கும் அவசரமில்லை. 2022-ல் அரசுப் பள்ளிகளில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து அடிப்படையிலிருந்தே கற்பித்தார்கள்.

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடந்தால் 'டக்ஸ் பெயின்ட்' நிறுவிப் பாருங்கள். 2002-ல் வந்த இலவச சாஃப்ட்வேர். 3 வயதுப் பிள்ளையும் மவுஸ் பிடித்துப் படம் வரையலாம். பைல் பெயர் கேட்காமலே சேமிக்கும். 'குவிட்' பட்டனை வேலை செய்யாமல் நிறுத்திவைக்கும் வசதியும் உண்டு. ஆனால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்ன மீன்? எங்கே போகுது?" என்று பேச்சுக் கொடுங்கள்.

2 முதல் 4 வயது வரை திரை முன் உட்காருவது நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கூறியது. என்னைக் கேட்டால் அரை மணியே அதிகம். சோறு ஊட்டும்போது கையில் கொடுக்கும் செல்போனும் இந்தக் கணக்கில் சேரும்.